பழைய ராக் பாடல்களைப் பிறருக்குக் கேட்கக் கொடுத்த அனுபவம்

நம் மனதுக்கு மிக நெருக்கமான ஒரு பாடலை இன்னொருவருக்குக் கேட்கக் கொடுத்தால், அவர் அதைக் கேட்காமலேயே "அருமை" என்று சொல்லிவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. நாம் லிங்க்கை அனுப்பி, "கேட்டே ஆக வேண்டும்" என்று ஒரு வரி சேர்க்கிறோம். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கட்டைவிரல் படம் வந்து விழுகிறது. அத்துடன் அந்தப் பாடலின் கதை முடிந்துபோகிறது. 1960களின் நடுப்பகுதி முதல் 1970களின் இறுதிவரை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் உருவான ராக் இசைமீது எனக்குள்ள பற்று பல ஆண்டுகளாகக் குறையவே இல்லை. அந்தப் பற்றை உறவினரிடமும் நண்பரிடமும் உடன் வேலை செய்வோரிடமும் கொண்டுசேர்க்க முயன்றதில், எது பலிக்கிறது, எது பலிப்பதில்லை என்பது ஓரளவு பிடிபட்டிருக்கிறது. இந்த இசையை ஏற்கெனவே நேசித்து, யாருடனாவது பகிர்ந்துகொள்ள வேண்டுமென்று தவிப்பவர்களுக்காக அதை எழுதுகிறேன்.

இசைப் பகிர்வு என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது, 1961 அக்டோபர் 17 அன்று இங்கிலாந்தின் டார்ட்ஃபர்ட் ரயில் நிலையத்தில் நடந்த சந்திப்புதான். கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த மிக் ஜாகரின் கையில் அமெரிக்க ராக் கலைஞர் சக் பெர்ரியின் இசைத்தட்டு ஒன்றும், அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ப்ளூஸ் இசையைப் பாடிய மடி வாட்டர்ஸின் இசைத்தட்டு ஒன்றும் இருந்தன. சிறுவயதில் அவருடன் ஒரே தொடக்கப்பள்ளியில் படித்து, பின்னர் தொடர்பற்றுப்போயிருந்த கீத் ரிச்சர்ட்ஸ் அவற்றைப் பார்த்துவிட்டுப் பேச்சுக்கொடுத்தார். சிகாகோவின் செஸ் நிறுவனம் வெளியிட்ட அத்தகைய தட்டுகளை அன்றைய இங்கிலாந்தில் வாங்குவது எளிதல்ல. ஜாகர் அவற்றை அஞ்சல் வழியாக அமெரிக்காவிலிருந்து வரவழைத்துக்கொண்டிருந்தார். மறு ஆண்டு அவர்கள் இருந்த குழு, மடி வாட்டர்ஸின் பாடல் ஒன்றிலிருந்து பெயரெடுத்துக்கொண்டு, ரோலிங் ஸ்டோன்ஸ் என்று மேடையேறியது.

இந்த நிகழ்ச்சியில் ஜாகர் யாரையும் கேள் கேள் என்று வற்புறுத்தவில்லை என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். தட்டுகள் கண்ணில் பட்டன, கேட்க விரும்பியவர் தாமாகவே நெருங்கி வந்தார். இன்று நம் இசை முழுவதும் கைப்பேசிக்குள் இருப்பதால் அது யார் கண்ணிலும் படுவதில்லை. இயர்போனை மாட்டிக்கொண்டால் யார் காதிலும் விழுவதுமில்லை. ஆகவே வீட்டில் இருக்கும்போது மிதமான ஒலியில் ஒரு ஆல்பத்தை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, நான் என் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். யாராவது "இது யார்?" என்று கேட்டால் மட்டுமே பேசுவேன். நான் நீட்டிய பாடல்களைவிட, இப்படித் தாமாகக் கேட்டு வாங்கிக்கொண்டவைதான் பிறரிடம் நிலைத்திருக்கின்றன.

அப்படிக் கேட்டவரிடம் என்ன சொல்வது என்பது அடுத்த சிக்கல். ரசிகர்கள் வாயைத் திறந்தால் மூடுவதில்லை. லெட் செப்பலினைப் போல் ஒரு குழு பிறந்ததில்லை, ஜான் பான்ஹாமைப் போல் டிரம்ஸ் வாசித்தவர் இல்லை, 1980இல் தம் 32ஆம் வயதில் அவர் இறந்ததோடு குழுவே கலைந்தது என்று அடுக்கிக்கொண்டே போவோம். இவை உண்மையாகவே இருந்தாலும், கேட்பவரின் காதில் அந்த நேரத்தில் விழுந்துகொண்டிருக்கும் ஒலியோடு இவற்றில் ஒன்றும் ஒட்டுவதில்லை. பாடலில் ஏதேனும் ஓர் இடத்தை மட்டும் சுட்டிக்காட்டினால், அதுவும் ஒரு கேள்வியாகச் சுட்டிக்காட்டினால், அவருடைய காது அங்கே போய் நின்றுகொள்கிறது.

என்னுடன் வேலை செய்த நண்பர் ஒருவருக்கு ராக் என்றாலே இரைச்சல் என்ற எண்ணம். 1971இல் வெளிவந்த லெட் செப்பலினின் நான்காவது ஆல்பத்தில் இறுதியாக வரும் 'வென் த லெவி பிரேக்ஸ்' பாடலை அவருக்கு வைப்பதற்கு முன் நான் சொன்னது இவ்வளவுதான்: "முதலில் டிரம்ஸ் மட்டும் வரும், அது எப்படிப்பட்ட இடத்தில் வாசிக்கப்படுகிறது என்று ஊகித்துச் சொல்லுங்கள்." அவர் சிறிது நேரம் கேட்டுவிட்டு, "உயரமான கூரையுள்ள மண்டபம்" என்றார், பிறகு, உறுதிப்படுத்திக்கொள்வதற்காகப் பாடலை மறுபடியும் முதலிலிருந்து வைக்கச் சொன்னார். ஏழு நிமிடத்துக்கு மேல் நீளும் அந்தப் பாடலை அவர் முழுவதும் கேட்டார். குரலைப் பற்றியோ கிதாரைப் பற்றியோ நான் எதுவும் சொல்லவில்லை. அவற்றை அவரே கண்டெடுத்துக்கொண்டார்.

அவருடைய ஊகம் ஏறத்தாழச் சரிதான். ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய பெரிய வீட்டில் அந்த ஆல்பத்தின் பெரும்பகுதி பதிவாயிற்று. படிக்கட்டு சுற்றி மேலேறும் கூடத்தின் தரையில் பான்ஹாமின் டிரம்ஸை வைத்துவிட்டு, ஒலிப்பொறியாளர் ஆண்டி ஜான்ஸ் படிக்கட்டின் மேலிருந்து இரண்டு மைக்குகளைத் தொங்கவிட்டார். டிரம்ஸை ஒட்டி மைக்குகளை வைத்திருந்தால் தோலில் அடி விழும் ஒலி மட்டும் கிடைத்திருக்கும். மேலிருந்து எடுத்ததால் அந்த வீடே சேர்ந்து ஒலிக்கிறது. பாடலைக் கேட்டு முடித்த பிறகு இதைச் சொன்னபோது, நண்பருக்கு இசையைவிட அந்த ஏற்பாட்டின்மீதுதான் முதலில் வியப்பு வந்தது. அதில் எனக்குக் குறையேதும் இல்லை. எந்த வாசல் வழியாக வந்தாலும் உள்ளே வந்தால் போதும்.

கேள்வி எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதிலும் ஒரு கவனம் தேவை. விடை சொல்வதற்கு முன்னறிவு எதுவும் வேண்டியிராமல், காது மட்டும் இருந்தால் போதும் என்ற அளவில் அது இருக்க வேண்டும். "இந்த கிதார் சோலோவில் (தனி வாசிப்பில்) என்ன சிறப்பு?" என்று கேட்டால் அது தேர்வுக் கேள்வியாகிவிடுகிறது, கேட்கப்பட்டவர் தப்பிக்க வழி தேடுவார். தாளப் பயிற்சி உள்ள என் நண்பர் ஒருவருக்குப் பிங்க் ஃபிளாய்ட் குழுவின் 'மணி' பாடலை வைத்து, கை போட்டுப் பார்க்கச் சொன்னேன். அவர் சில நொடிகளிலேயே ஏழு எண்ணிக்கையைக் கண்டுபிடித்துவிட்டார். பாடலின் நடுவே கிதார் சோலோ வரும் இடத்தில் தாளம் நான்குக்கு மாறி, பிறகு மீண்டும் ஏழுக்குத் திரும்புவதையும் அவர் தாமாகவே பிடித்துக்கொண்டு, அதை எனக்கே விளக்கத் தொடங்கினார். பகிர்வில் இதைவிட நல்ல கட்டம் இல்லை என்பேன். கொடுத்தவர் கேட்டுக்கொண்டிருக்க, வாங்கியவர் பேசிக்கொண்டிருந்தார்.

ரோலிங் ஸ்டோன்ஸின் டிரம்ஸ் கலைஞர் சார்லி வாட்ஸிடம் கண்ணால் பார்க்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. வலது கையால் ஹை-ஹாட் தட்டுகளைத் தொடர்ந்து தட்டிக்கொண்டு வருபவர், ஸ்நேர் டிரம்மில் அடி விழும் கணத்தில் மட்டும் வலது கையைத் தூக்கிவிடுவார். இரண்டும் ஒன்றாக ஒலிப்பதில்லை. மேடைப் பதிவுகளில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். "அவருடைய வலது கையை மட்டும் பார்" என்று என் அண்ணன் மகளிடம் சொல்லியிருந்தேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சித்தப்பா, இவர் மட்டும் வேற கச்சேரிக்கு வந்த மாதிரி நிம்மதியா இருக்காரே" என்றாள். ஜாஸ் இசையில் ஊறி, ராக் குழுவில் அறுபது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக வாசித்து, 2021இல் மறைந்த அந்த மனிதரைப் பற்றி இதைவிடத் துல்லியமாக நான் சொல்லியிருக்க முடியாது.

இனி, கருவிகளைப் பற்றி. இதைப் பலர் சிறிய விஷயமாக நினைக்கிறார்கள். என் அனுபவத்தில், "எனக்குப் பிடிக்கவில்லை" என்று திரும்பி வரும் பாடல்களில் பாதிக்கு இதுதான் காரணம். ஒரு ஜோடி இயர்போனில் ஒன்றை நாம் வைத்துக்கொண்டு மற்றதை நண்பரிடம் கொடுப்பது அன்பின் அடையாளமாகத் தோன்றலாம், ஆனால் அந்தக் காலத்துப் பாடல்களுக்கு அது பொருந்தாது. 1960களின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் பெரும்பாலோர் எல்லா ஒலியும் ஒன்றாகக் கலந்துவரும் மோனோவில்தான் கேட்டார்கள். ஒலியை இடம், வலம் என்று பிரித்துத் தரும் ஸ்டீரியோ வடிவத்துக்கு அவ்வளவு நேரம் செலவிடப்படவில்லை. அதனால் 1965இல் வந்த 'ரப்பர் சோல்' போன்ற பீட்டில்ஸ் ஆல்பங்களின் ஸ்டீரியோ வடிவத்தில், பல பாடல்களில் குரல்கள் பெரும்பாலும் வலப்பக்கமும் இசைக்கருவிகள் பெரும்பாலும் இடப்பக்கமும் ஒதுங்கி நிற்கின்றன. ஒற்றைக் காதில் கேட்பவருக்கு ஒன்று பாடகர் இல்லாத பாடல் கிடைக்கும், அல்லது பக்கவாத்தியம் இல்லாத பாடகர் கிடைப்பார். கைப்பேசியின் அணுகல்தன்மை அமைப்புகளில் மோனோ ஒலி என்ற ஒரு வசதி இருக்கிறது. இயர்போனைப் பங்கிட்டே ஆக வேண்டும் என்றால் அதை இயக்கிவிட்டுப் பங்கிடுவது நல்லது.

கைப்பேசியின் சொந்த ஒலிபெருக்கியில் ராக் பாடலை அறிமுகப்படுத்துவதைக் கூடியவரை தவிர்க்கிறேன். நான்கு தந்தி பேஸ் கிதாரின் மிகத் தாழ்ந்த தந்தியின் சுருதி நொடிக்கு ஏறத்தாழ 41 அதிர்வுகள். அதைச் சட்டைப் பைக்குள் அடங்கும் ஒரு ஒலிபெருக்கியால் வெளியிட முடியாது. பேஸும் பெரிய டிரம்மும் கரைந்துபோய், கிதாரின் மேல் ஓசையும் சிம்பல்களும் மட்டும் எஞ்சினால், இரைச்சல் என்ற புகார் நியாயமானதுதான். அதேபோல, அண்மைக் காலப் பாடல்கள் பொதுவாகவே உரத்த ஒலியளவில் வெளியிடப்படுவதால், அவற்றின் நடுவே 1970களின் பழைய பதிவு ஒன்று வரும்போது அது சோர்ந்து ஒலிப்பதுபோல் தோன்றும். செயலியில் ஒலியளவைச் சமன்படுத்தும் வசதியைப் போட்டுவிட்டால் இந்த ஏற்றத்தாழ்வு பெருமளவு மறையும்.

இன்னொன்று, பாடல்களின் வரிசை. பிங்க் ஃபிளாய்டின் 'த டார்க் சைட் ஆஃப் த மூன்' (1973) ஆல்பத்திலும், பீட்டில்ஸின் 'அபி ரோடு' (1969) ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தில் வரும் தொடர் பாடல்களிலும் ஒரு பாடல் அடுத்த பாடலுக்குள் இடைவெளியின்றி நுழைகிறது. இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல்தான் இடமுண்டு என்ற கட்டுப்பாட்டுக்குள் திட்டமிட்டுக் கோத்தவை அவை. வரிசையைக் கலைத்துப் போடும் ஷஃபிள் பொத்தான் இயங்கிக்கொண்டிருந்தால், ஒரு பாடல் பாதி மூச்சில் வெட்டுப்பட்டு நிற்கும். இத்தகைய ஆல்பங்களை யாருக்காவது கொடுப்பதானால் தனிப் பாடலாகக் கொடுக்காமல், ஒரு பக்கம் முழுவதையும் கொடுக்கிறேன். அதற்கு நேரமில்லை என்பவருக்கு வேறொன்றைத் தேர்ந்தெடுக்கிறேன்.

யாருக்கு எதைக் கொடுப்பது என்பதில் புகழ்பெற்ற பட்டியல்கள் எனக்கு உதவியதே இல்லை. அந்த மனிதர் இசையில் எதைத் தேடுகிறார் என்பதை அவர் வழக்கமாகக் கேட்கும் பாடல்களிலிருந்தே அறிந்துகொள்ளலாம். ராக் என்றால் சத்தம் மட்டுமே என்று அஞ்சுபவருக்கு, 1970இல் வந்த லெட் செப்பலினின் மூன்றாவது ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தைக் கொடுக்கலாம். வேல்ஸ் நாட்டுப்புறத்தில் மின்சாரம்கூட இல்லாத ஒரு குடிலில் தங்கியிருந்த நாட்களில் உருவானவையும் அடங்கிய அந்தப் பக்கத்தில் மின்சாரம் பாய்ச்சாத கிதார்களே மேலோங்கி நிற்கின்றன. குரலில் மயங்குபவருக்குப் பிங்க் ஃபிளாய்டின் 'த கிரேட் கிக் இன் த ஸ்கை' பாடலைக் கொடுப்பேன். அதில் பாடப்படும் பகுதியில் ஒரு சொல்கூட இல்லை என்பதால் ஆங்கில உச்சரிப்பு ஒரு தடையாக நிற்பதில்லை. 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அபி ரோடு ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்த கிளேர் டோரி என்ற பாடகி, அந்தக் குழுவின் ரிச்சர்ட் ரைட்டின் பியானோவுக்கு மேல் தம் குரலையே ஒரு கருவியாக்கி அந்த இடத்திலேயே கற்பனையாகப் பாடினார். அதற்கு அவருக்குக் கிடைத்தது 30 பவுண்டு. 2004இல் அவர் வழக்குத் தொடுத்த பிறகே, மறு ஆண்டு ஏற்பட்ட உடன்பாட்டின்படி அந்தப் பாடலின் படைப்பாளர்களில் ஒருவராக அவர் பெயரும் இடம்பெறத் தொடங்கியது.

இந்தக் கதையைப் பாடலுக்கு முன் சொல்வதா, பின் சொல்வதா என்ற கேள்விக்கு எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஒலியைப் பற்றிய குறிப்பு முன்னால் வரலாம். வாழ்க்கைக் கதை பின்னால்தான் வர வேண்டும். முன்னால் சொன்னால், கேட்பவர் இரக்கத்தோடோ மரியாதையோடோ கேட்கத் தொடங்கிவிடுகிறார். காது தன் வேலையைச் செய்வதில்லை. இதை ஒரு தொழிற்சாலை மேலாளர் எவ்வளவு நேர்த்தியாகச் செய்தார் என்பதை பிளாக் சபாத் குழுவின் கிதார் கலைஞர் டோனி அயோமி பல இடங்களில் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார்.

பர்மிங்காமைச் சேர்ந்த அயோமி 17 வயதில் உலோகத் தகடு தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்துவந்தார். முழுநேர இசைக்கலைஞராவதற்காக அந்த வேலையை விடத் தீர்மானித்து, கடைசி நாள் வேலைக்குப் போனவருடைய வலது கையின் நடுவிரலும் மோதிர விரலும் இயந்திரத்தில் சிக்கி நுனி துண்டாயின. அவர் இடக்கைப் பழக்கமுள்ளவர்; ஆகவே கிதாரின் கழுத்தில் தந்தியை அழுத்த வேண்டிய கை அந்த வலது கைதான். இனி வாசிக்க முடியாது என்று மருத்துவர்கள் கூறிவிட்டார்கள். மனமுடைந்திருந்த அவரைப் பார்க்க வந்த மேலாளர், ஓர் இசைத்தட்டைக் கொடுத்துக் கேட்கச் சொன்னார். இசையைப் பற்றிய பேச்சே வேண்டாம் என்றிருந்த அயோமி மறுத்தார், மேலாளர் விடவில்லை. கேட்டு முடித்து, வாசிப்பவர் திறமைசாலி என்று அயோமி ஒப்புக்கொண்ட பிறகுதான், இவர் இரண்டு விரல்களை மட்டும் கொண்டு தந்தியை அழுத்தி வாசிக்கிறார் என்பதை மேலாளர் சொன்னார். தட்டில் வாசித்தவர் ஜாஸ் கிதார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட். 1928இல் அவர் வசித்த வண்டியில் தீப்பிடித்து, இடது கையின் இரண்டு விரல்கள் ஏறக்குறையப் பயனற்றுப்போனவர்.

மேலாளர் அந்தச் செய்தியை முதலிலேயே சொல்லியிருந்தால், அயோமி அதை ஓர் ஆறுதல் வார்த்தையாகத்தான் எடுத்துக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். இசையைக் கேட்டு அதன் தரத்தை ஒப்புக்கொண்ட பின் வந்ததால் அது மறுக்க முடியாத சான்றாக நின்றது. அதன் பிறகு அயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் நுனிக்கு உறைகள் செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டார். தடித்த தந்திகளை அழுத்துவது வலித்ததால், மெலிதான பாஞ்சோ தந்திகளைக் கிதாரில் பூட்டிப் பார்த்தார். 1971இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தின் பல பாடல்களில் தந்திகளின் சுருதியை மூன்று அரைச்சுரம் கீழே இறக்கினார். தந்தி தளர்ந்ததால் விரலுக்கும் வலி குறைந்தது, பிளாக் சபாத்தின் ஒலிக்கும் ஒரு கனம் கிடைத்தது. பின்னாளில் ஹெவி மெட்டல் என்று பெயர் பெற்ற இசையின் நிறத்துக்கு இந்த விரல்களும் ஒரு காரணம். இந்தக் கதையைக் கேட்ட பிறகு அதே பாடலை இரண்டாம் முறை கேட்டவர்கள், முதல் முறை சத்தமாகத் தோன்றியதில் ஒரு நிதானத்தைக் காண்பதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

வியப்பைச் சொல்லும் விதத்திலும் இதையே பின்பற்றலாம். "மேதை", "கடவுள்" போன்ற சொற்களைத் தவிர்த்துவிட்டு, அந்த மனிதர் கையால் என்ன செய்தார் என்பதை மட்டும் சொன்னால் போதும். குவீன் குழுவின் பிரையன் மே 1963இல், பள்ளி மாணவராக இருந்தபோது, மின்னணுப் பொறியாளரான தம் தந்தையோடு சேர்ந்து தமக்கான கிதாரைத் தாமே செய்யத் தொடங்கினார். அதன் கழுத்துக்கான மரம் ஒரு பழைய கணப்பு அடுப்பின் சட்டத்திலிருந்து வந்தது, அதிர்வுக் கைப்பிடிக்கான சுருள்கள் பழைய மோட்டார் சைக்கிளிலிருந்து வந்தன. அதைத்தான் பிற்பாடு மேடைதோறும் வாசித்தார். பிளாஸ்டிக் மீட்டிக்குப் பதிலாக ஆறு பென்ஸ் நாணயத்தால் மீட்டினார். கைவேலையில் ஆர்வமுள்ள ஒருவரிடம் இதைச் சொல்லிவிட்டு விலகிக்கொண்டால் போதும். அந்த ஒலியை அவரே தேடிப் போவார்.

வியப்பு ஒருவரோடு நின்றுவிடாமல் அவருக்கு முன்னால் இருந்தவர்களிடமும் போக வேண்டும் என்பது என் எண்ணம். இந்த இசையில் அது நியாயத்தைப் பற்றிய விஷயமாகவும் இருக்கிறது. நண்பருக்கு நான் வைத்த 'வென் த லெவி பிரேக்ஸ்' பாடலை 1929இலேயே மெம்ஃபிஸ் மின்னியும் கான்சஸ் ஜோ மெக்காயும் பாடிப் பதிவுசெய்திருந்தார்கள்; 1927இல் மிசிசிப்பி ஆற்றில் வந்த பெருவெள்ளமே அதன் பொருள். லெட் செப்பலினின் ஆல்பத்தில் மெம்ஃபிஸ் மின்னியின் பெயரும் படைப்பாளர்களோடு அச்சிடப்பட்டது. ஆனால் அதே குழுவின் 'ஹோல் லாட்டா லவ்' (1969) பாடலில் அந்த நேர்மை இல்லை. மடி வாட்டர்ஸுக்காக வில்லி டிக்சன் எழுதிய பாடலின் வரிகளை அது எடுத்தாண்டிருந்தும், 1985இல் டிக்சன் வழக்குத் தொடுத்து, 1987இல் உடன்பாடு ஏற்பட்ட பிறகே அவருக்கு உரியது கிடைத்தது. இதற்கு நேர்மாறாக, 1965 மே மாதம் அமெரிக்கத் தொலைக்காட்சியின் 'ஷிண்டிக்' நிகழ்ச்சிக்கு அழைக்கப்பட்ட ரோலிங் ஸ்டோன்ஸ், தங்களோடு ப்ளூஸ் பாடகர் ஹௌலின் வுல்ஃபும் பாட வேண்டும் என்று கேட்டுப் பெற்று, அவர் பாடும்போது அவருடைய காலடியில் அமர்ந்து கேட்டார்கள். அந்தக் காட்சிப் பதிவை நான் பலருக்குக் காட்டியிருக்கிறேன். புகழின் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்த இளைஞர்கள், தங்கள் ரசிகர்களிடம் தங்கள் ஆசானைக் காட்டினார்கள். இதைவிட நல்ல இசைப் பகிர்வு எனக்குத் தெரியாது. எனவே ஒரு பாடல் யாருக்காவது பிடித்துவிட்டால், அடுத்ததாக அதே குழுவின் இன்னொரு பாடலைக் கொடுக்காமல், அந்தக் குழு எதைக் கேட்டு வளர்ந்ததோ அதைக் கொடுக்கிறேன்.

வியந்து போற்றும் ஒருவர் செய்த தவறுகளைப் பற்றிப் பேச்சு வரும்போது மழுப்பாமல் இருப்பதும் முக்கியம். இங்கிலாந்தின் கிதார் கலைஞர் எரிக் கிளாப்டன், பழைய ப்ளூஸ் கலைஞர் ராபர்ட் ஜான்சனின் பாடல்களை உலகறியச் செய்தவர்களில் ஒருவர். கறுப்பினத்தவரின் ப்ளூஸ் இசையே தம் உயிர் என்று வாழ்ந்தவர். அவரே 1976 ஆகஸ்டில் பர்மிங்காம் மேடையில் குடியேறியவர்களுக்கு எதிராக இனவெறியோடு பேசினார். அதற்கு எதிர்வினையாகவே 'ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்' என்ற இயக்கம் பிறந்தது. அண்ணன் மகள் இதைப் படித்துவிட்டு வந்து கேட்டபோது, அந்தக் காலம் அப்படி என்று நான் சப்பைக்கட்டு கட்டவில்லை. நடந்தது நடந்ததுதான், பிற்காலத்தில் அதற்காக அவர் வெட்கப்பட்டதும் உண்மைதான், கேட்பதும் விடுவதும் உன் விருப்பம் என்றேன். அவள் இன்றுவரை அவரைக் கேட்பதில்லை. ஜான்சனைக் கேட்கிறாள்.

நம் முகத்துக்காகச் சொல்லப்படும் பாராட்டைக் கண்டுகொள்ளப் பழகுவது நல்லது. 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், பீட்டில்ஸ் குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசன் வங்கதேச மக்களுக்காக நடத்திய நிகழ்ச்சியில், ரவிசங்கரும் அலி அக்பர் கானும் தங்கள் கருவிகளைச் சுருதி சேர்த்து முடித்ததும் அரங்கம் ஆரவாரத்தோடு கைதட்டியது. சுருதி சேர்த்ததையே இவ்வளவு ரசிக்கிறீர்கள் என்றால், வாசிப்பை இன்னும் அதிகமாக ரசிப்பீர்கள் என்று நம்புகிறேன் என்ற பொருளில் ரவிசங்கர் மென்மையாகச் சொன்னார். ரசிகர்களைக் கேலி செய்யாமலும் அந்தக் கைதட்டலை அப்படியே ஏற்றுக்கொள்ளாமலும் அவர் நகர்ந்த விதத்தை நான் மனதில் வைத்திருக்கிறேன். பாடலின் எந்த இடம் பிடித்தது என்று சொல்ல முடியாத பாராட்டு வரும்போது, நான் சிரித்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறேன். அவரை மேலும் பொய் சொல்ல வைப்பதில் பயனில்லை. பிடிக்கவில்லை என்று ஒருவர் வெளிப்படையாகச் சொன்னால், எங்கே நிறுத்தினார் என்று மட்டும் கேட்பேன். நீளமான சோலோ தொடங்கும் இடத்தில் நிறுத்தியவருக்கு, சோலோ இல்லாத பாடல்களைத் தேடிக் கொடுக்கலாம். முதல் அலறலிலேயே நிறுத்தியவரை அப்படியே விட்டுவிடுவதுதான் மரியாதை.

நானும் பிறர் கொடுப்பதைக் கேட்கிறேன் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் இந்தப் பகிர்வு எதுவும் நீடிக்காது. அண்ணன் மகள் கொடுக்கும் பாடல்களில் பலவற்றில் டிரம்ஸை வாசிப்பது கணினிதான். முதலில் எனக்கு அவை ஒட்டவில்லை. அதில் ஒரு பாடலின் பேஸ் எங்கே விலகி எங்கே திரும்பி வருகிறது என்று அவள் சொல்லிக்கொடுத்த பிறகு, அதைத் தேடிப் போய்க் கேட்கிறேன். எங்கள் வீட்டில் இப்போது மூன்று நான்கு பேர் கூடும் போதெல்லாம் ஆளுக்கு ஒரு பாடல் வைப்பது வழக்கமாகிவிட்டது. பாடல் ஓடும்போது அதைக் கொண்டுவந்தவர் பேசக்கூடாது, மற்றவர்களின் முகத்தை உற்றுப் பார்க்கவும் கூடாது; இந்த இரண்டாவது விதி முழுக்க முழுக்க எனக்காகவே போடப்பட்டது. எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும் பாடல்கள் கடைசிச் சுற்றில்தான், அதுவும் எழுந்து போக விரும்புகிறவர்கள் போன பிறகுதான்.